கன்னியாகுமரி முதல் கொச்சி வரை: கடல் மேலெழுச்சியை ஆண்டுவாரியாகக் கணக்கிடப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆனி, ஆடி மாதங்களில் குளச்சல், முட்டம் பக்கம் கடல்நீர் சில்லென்று இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று கரையோர மேல்நீரை வெளிக்கடலுக்குத் தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த, நைட்ரேட் (கடலின் நுண்பாசிகளுக்கு வேண்டிய முக்கிய ஊட்டச்சத்து) நிறைந்த நீர் ஏறி வருகிறது. இதுதான் மேலெழுச்சி. மே கடைசியில் அல்லது ஜூனில் தென்முனையில் தொடங்கி வடக்கே பரவும், ஜூலை, ஆகஸ்டில் உச்சத்துக்குப் போகும், செப்டம்பர், அக்டோபரில் அடங்கும். ஆனால் எல்லா ஆண்டும் ஒரே அளவில் வராது. எந்த ஆண்டு எவ்வளவு வந்தது, கூடவே எவ்வளவு ஊட்டச்சத்து ஏறியது என்று ஓர் அட்டவணை போட வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்பவர்கள், மீன்வளப் படிப்பு மாணவர்கள், ஆர்வத்துக்காகச் செய்பவர்கள் என யாராகவும் இருக்கலாம். நான் இதை முடிப்பதற்குள் பட்ட பாடு கொஞ்சமில்லை. தரவு ஓரிடம், முறை வேறிடம், எச்சரிக்கை எங்கோ ஓர் அடிக்குறிப்பில் என்று எல்லாமே சிதறிக் கிடக்கின்றன.

கலிபோர்னியாக் கரைக்கு இந்த வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. வட அட்சம் 31 முதல் 47 டிகிரி வரை, 1988 முதல், நாள்வாரியாக இரண்டு குறியீடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மேலேறும் நீரின் அளவுக்கு 'கியூட்டி', மேலேறும் நைட்ரேட்டுக்கு 'பியூட்டி'. நம் கரைக்கு நாமே கட்டிக்கொள்ள வேண்டியதுதான். முறை அதேதான், இடம்தான் வேறு.

1. தரவைத் தொடுவதற்கு முன் நான்கு முடிவுகள்

ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தக் கரைப்பகுதி, எந்த மாதங்கள், எந்த ஆண்டுகள், நீர் வேண்டுமா நைட்ரேட்டும் வேண்டுமா.

என் பரிந்துரை இது. வட அட்சம் 7 முதல் 11 டிகிரி, கிழக்குத் தீர்க்கம் 75 முதல் 78 டிகிரி. மே முதல் அக்டோபர். 1993 முதல் கடைசியாகத் தரவு கிடைக்கும் ஆண்டு வரை. 1993 ஏன் என்றால், அடிநீர் வெப்பநிலை தரும் கடல் மறுபகுப்பாய்வும் (அளவீடுகளையும் கணினி மாதிரியையும் இணைத்துக் கட்டிய தொடர் தரவு) செயற்கைக்கோள் கடல்மட்டத் தரவும் அந்த ஆண்டிலிருந்துதான் வருகின்றன. காற்றுத் தரவு 1940 வரை பின்னால் போகும். அதற்காக 80 ஆண்டு வரைபடம் போட ஆசைப்படாதீர்கள். நம் கடலில் செயற்கைக்கோள் காலத்துக்கு முந்தைய காற்று, கப்பல்கள் தந்த சொற்ப அளவீடுகளை நம்பி நிற்பது.

'சராசரி' என்ற பெயரில் பன்னிரண்டு மாதத்தையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுக்க வேண்டாம். குளிர்மாதங்களிலும் கேரளக் கரையோரக் காற்றின் தென்முகக் கூறு முழுக்க மறைவதில்லை. காற்றுக் கணக்கு மட்டும் பார்த்தால் ஜனவரியிலும் கொஞ்சம் மேலெழுச்சி காட்டும். கடலிலோ அப்போது வங்காள விரிகுடாப் பக்கமிருந்து இலங்கையைச் சுற்றி வரும் அலைகள் குளிர்நீர் அடுக்கைக் கீழே அழுத்தி வைத்திருக்கும். தாளில் மேலெழுச்சி இருக்கும், தண்ணீரில் இருக்காது.

2. செலவு, கணக்குகள், காலம்

தரவுக்கு ஒரு பைசா கிடையாது. பைத்தானும் அதன் எக்ஸ்அரே தொகுப்பும் இலவசம். மடிக்கணினி மெதுவாக இருந்தால் கூகுள் கோலாப் போதும். ஆனால் இலவசக் கோலாப் பாதியில் துண்டித்துக்கொள்ளும், அதனால் இறக்கியதை அவ்வப்போது டிரைவில் சேமியுங்கள். உண்மையான செலவு இணையமும் நேரமும்தான்.

முதல் நாளே திறக்க வேண்டிய கணக்குகள் மூன்று: ஐரோப்பாவின் காலநிலைத் தரவுக் கிடங்கு (சி.டி.எஸ்.), அதே ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் கடல் சேவை, பச்சையத் (நுண்பாசியின் பச்சை நிறமி) தரவுக்கு நாசாவின் எர்த்டேட்டா. மின்னஞ்சல் முகவரி போதும், கல்லூரிச் சான்று கேட்க மாட்டார்கள். சி.டி.எஸ்.ஸில் கணக்கு திறந்ததோடு வேலை முடியாது. உங்களுக்குரிய தரவுத்தொகுப்பின் பக்கத்துக்குப் போய் உரிம நிபந்தனையை ஒருமுறை ஏற்க வேண்டும். அதை விட்டுவிட்டு, நிரல் பிழை காட்டுகிறது என்று அரைநாள் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஏராளம். இன்னொன்று, அந்தத் தளம் 2024 செப்டம்பரில் புதிய அமைப்புக்கு மாறியது. அதற்கு முந்தைய வீடியோ பாடங்களில் வரும் முகவரியும் சாவிக் கோப்பின் வடிவமும் இப்போது வேலை செய்யாது.

பைத்தான் ஓரளவு தெரிந்தவருக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர் கூடுதலாக ஒரு மாதம் சேர்த்துக்கொள்ளலாம்.

3. காற்றை இறக்குதல்

எடுக்க வேண்டியது 'இ.ஆர்.ஏ.5' மறுபகுப்பாய்வு: கால் டிகிரி கட்டம், மணிக்கு ஒன்று. 10 மீட்டர் உயரக் காற்றின் கிழக்குக் கூறு, வடக்குக் கூறு இரண்டும் போதும். மேலே சொன்ன பெட்டிக்கு ஓர் ஆண்டு முழுவதற்கும் சுமார் 15 எம்.பி. வரும். பெட்டியைக் குறிப்பிட மறந்தால் உலகம் முழுவதும் இறங்கத் தொடங்கும், அல்லது வரம்பு மீறியது என்று கோரிக்கையையே தள்ளிவிடுவார்கள். ஒரு கோரிக்கைக்கு ஓர் ஆண்டு, அதுவும் தள்ளப்பட்டால் ஒரு மாதம் என்று பிரித்து அனுப்புங்கள். சில நிமிடத்திலும் வரலாம், ஒரு நாளும் எடுக்கலாம். இரவில் போட்டுவிட்டுப் படுப்பது நல்லது.

கோப்பைத் திறந்ததும் அட்சக்கோடு வடக்கிலிருந்து தெற்காக அடுக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். '7 முதல் 11' என்று வெட்டினால் வெற்றுக் கோப்பு வரும், '11 முதல் 7' என்று வெட்ட வேண்டும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் தொல்லை.

கடைசி இரண்டு மூன்று மாதத் தரவு தற்காலிகமானது, பின்னால் திருத்தப்படலாம். புராஜெக்ட் முடிவில் அதை மட்டும் மறுபடி இறக்கிக்கொள்ளுங்கள்.

4. காற்றிலிருந்து நீர்: முக்கால்வாசிப் பிழைகள் இங்கேதான்

முதலில் காற்றுத் தகைவு, அதாவது ஒரு சதுர மீட்டர் கடல்பரப்பைக் காற்று இழுக்கும் விசை. காற்றின் அடர்த்தி 1.22, இழுவை எண் 0.0013, காற்று வேகம், காற்றுக் கூறு, இந்த நான்கையும் பெருக்க வேண்டும். வேகம் இருமடியாக வருவதால் மாதச் சராசரிக் காற்றை எடுத்து இதைச் செய்யவே கூடாது. பத்து நாள் நொடிக்கு 10 மீட்டர், இருபது நாள் 4 மீட்டர் அடித்தது என்று வையுங்கள். சராசரி 6, அதன் இருமடி 36. நாள்வாரியாக இருமடி எடுத்துச் சராசரி பார்த்தால் 44. பலத்த காற்றும் இடைவெளியும் மாறி மாறி வரும் ஆண்டுகள் மாதச் சராசரியில் வேண்டுமென்றே அடக்கிக் காட்டப்பட்டதுபோல் ஆகிவிடும். மணிவாரியாகத் தகைவைக் கணக்கிட்டு, அதன் பிறகு நாள் சராசரி எடுங்கள்.

அடுத்தது கரையின் திசை. நம் கரை வளைந்து போகிறது. கன்னியாகுமரியிலிருந்து கொல்லம் வரை வரைபடத்தில் கோடு போட்டால் வடக்கிலிருந்து வலஞ்சுற்றாகச் சுமார் 310 டிகிரி. கொல்லத்திலிருந்து கொச்சி வரை சுமார் 340. 'மேற்குக் கரைதானே' என்று முழுவதையும் ஒரே கோணத்தில் போடுபவர்கள் நிறைய. நேர் மேற்கிலிருந்து அடிக்கும் ஒரே காற்றில், தெற்குப் பகுதியில் 77 விழுக்காடு கரையோரமாக வேலை செய்யும். வடக்குப் பகுதியில் 34 விழுக்காடுதான். பாதிக்கும் மேல் வித்தியாசம். ஆகவே கரையைக் குறைந்தது இரண்டு துண்டாகப் பிரியுங்கள். தெற்குத் துண்டில், தென்கிழக்கு நோக்கிய கரையோரத் தகைவு = 0.77 × கிழக்குக் கூறு − 0.64 × வடக்குக் கூறு. வடக்குத் துண்டில் 0.34, 0.94. நடுவில் உள்ள கழித்தல் குறியை விட்டுவிடாதீர்கள்.

பிறகு எக்மன் பெயர்ச்சி, அதாவது காற்றால் கரையைவிட்டு வெளியே தள்ளப்படும் நீரின் அளவு: கரையோரத் தகைவை, கடல்நீர் அடர்த்தி (1025), கொரியாலிஸ் எண் (பூமிச் சுழற்சியின் விளைவைக் காட்டுவது) இரண்டின் பெருக்கத்தால் வகுக்க வேண்டும். கொரியாலிஸ் எண் = 2 × 0.00007292 × சைன் அட்சம். 8 டிகிரியில் இது 0.0000203. தகைவு 0.05 என்றால், கரையின் ஒவ்வொரு மீட்டருக்கும் நொடிக்கு 2.4 கன மீட்டர் நீர் வெளியே போகிறது. அதே தகைவு சான் பிரான்சிஸ்கோ அட்சத்தில் 0.55தான் தரும். நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் நம் காற்றுக்கு இவ்வளவு இழுவை. எண் பெரிதாக வந்தால் பயப்பட வேண்டாம்.

சிறிதாக வந்தால்தான் பயப்பட வேண்டும். எக்செலும் பைத்தானும் சைனுக்கு ரேடியனைத்தான் எதிர்பார்க்கும். 8 என்று நேரடியாகக் கொடுத்தால் 0.139க்குப் பதில் 0.99 வரும், விடை ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். வரைபடத்தின் வடிவம் மாறாது, ஏற்ற இறக்கமெல்லாம் சரியாகவே தெரியும், அதனால் கண்டுபிடிப்பது கடினம். மேலே சொன்ன 2.4 வருகிறதா என்று முதலில் கையால் சரிபாருங்கள்.

கட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கரையை ஒட்டிய முதல் கட்டத்தைத் தவிருங்கள். அதில் பாதி நிலம் இருக்கும். நிலத்தின் மேல் காற்று தளரும் என்பதால் கணக்கு குறையும். கரையிலிருந்து 50 முதல் 100 கி.மீ. தள்ளி எடுங்கள். கன்னியாகுமரி முனைக்குத் தெற்கே, வாட்ஜ் திட்டுப் பக்கம், காற்றின் சுழற்சியாலும் நீர் மேலேறும். மேலே சொன்ன சூத்திரம் அதைப் பிடிக்காது. அந்தப் பகுதிதான் உங்கள் ஆய்வு என்றால் வழிகாட்டும் பேராசிரியரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

5. மேற்பரப்பு வெப்பநிலை: துணைக்கு மட்டும்

அமெரிக்காவின் நோவா நிறுவனத்தின் 'ஓ.ஐ.எஸ்.எஸ்.டி.' வெப்பநிலைத் தரவு 1981 செப்டம்பர் முதல் நாள்வாரியாகக் கிடைக்கிறது, கணக்குகூடத் தேவையில்லை. ஒரே அட்சத்தில் வெளிக்கடல் வெப்பநிலையிலிருந்து கரையோர வெப்பநிலையைக் கழித்தால் மேலெழுச்சி தெரியும் என்பார்கள். சரிதான், ஆனால் நமக்கு வேண்டிய மாதங்களில்தான் வானம் முழுக்க மேகம். அகச்சிவப்புக் கருவி மேகத்தைத் தாண்டிப் பார்க்காது. நுண்ணலைக் கருவி பார்க்கும், ஆனால் கரைக்கு மிக அருகே நிலத்தின் கலப்பு வந்துவிடும். கோப்பில் எண் இருக்கிறது என்பதாலேயே அங்கே அளந்தார்கள் என்று அர்த்தமில்லை, இடைவெளியை நிரப்பியிருப்பார்கள். பச்சையத் தரவுக்கும் இதே கதைதான். ஜூலையில் ஒரு மாதச் சராசரி என்பது சில தெளிந்த நாட்களின் சராசரியாக இருக்கும். எத்தனை நாள் தரவு இருந்தது என்ற எண்ணிக்கையையும் அட்டவணையில் ஒரு பத்தியாக வையுங்கள்.

6. நைட்ரேட்: காற்றோடு நிறுத்தினால் பாதிக் கதை

மோட்டார் ஓடுகிறது என்பதால் தொட்டி நிறைந்துவிடாது. கிணற்றில் நீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். பெருவில் எல் நினோ (கிழக்குப் பசிபிக் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை) ஆண்டுகளில் கரையோரக் காற்று நின்றுவிடுவதில்லை, சில சமயம் கூடவும் செய்கிறது. ஆனால் சூடான மேல்நீர் அடுக்கு தடித்து, குளிர்நீர் ஆழத்துக்குப் போய்விடுகிறது. அப்போது மேலே வருவது ஊட்டச்சத்து இல்லாத வெந்நீர். காற்றுக் குறியீடு 'நல்ல ஆண்டு' என்று சொல்லும், நெத்திலி இருக்காது. நம் கரையில் இந்த இரண்டாம் பாதி இன்னும் முக்கியம். தென்முனையில் உள்ளூர்க் காற்று வலுவானது, வடக்கே போகப்போக வங்காள விரிகுடாவிலிருந்து கரையை ஒட்டி வரும் அலைகளின் பங்கு கூடுகிறது. கொச்சிக் காற்றை மட்டும் பார்த்துக் கொச்சி மேலெழுச்சியைச் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது இவ்வளவு:

அ) கோப்பர்நிக்கஸ் கடல் சேவையிலிருந்து 'க்ளோரிஸ்12' மறுபகுப்பாய்வில் 200 மீட்டர் வரையிலான வெப்பநிலையையும் கலப்பு அடுக்கின் (காற்றால் கலங்கி ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருக்கும் மேல்நீர்) ஆழத்தையும் எடுங்கள். பன்னிரண்டில் ஒரு டிகிரி கட்டம், 1993 முதல். அவர்களுடைய பைத்தான் கருவியில் பெட்டியையும் ஆழத்தையும் கொடுத்து வெட்டி இறக்க முடியும். முழு உலகக் கோப்பை இறக்கிவிட்டு அப்புறம் வெட்டலாம் என்று நினைத்தால் வன்தட்டு தாங்காது.

ஆ) உலகக் கடல் தரவுத்தளத்தில், அதே பெட்டியில் கப்பல்களும் மிதவைகளும் அளந்த நைட்ரேட்டையும் வெப்பநிலையையும் தேடுங்கள். தேடலைப் பதிந்தால் இறக்கும் இணைப்பு மின்னஞ்சலில் வரும். தரக் குறி 'நல்லது' என்றிருப்பவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இ) வெப்பநிலை குறையக் குறைய நைட்ரேட் கூடுவதை ஒரு வளைகோடாகப் பொருத்துங்கள். நேர்கோடு வேண்டாம், சூடான பக்கத்தில் நைட்ரேட் பூச்சியத்தை ஒட்டிப் படுத்துவிடும்.

ஈ) ஒவ்வொரு நாளும் கலப்பு அடுக்கின் அடியில் உள்ள வெப்பநிலையை வளைகோட்டில் போட்டு நைட்ரேட் பெறுங்கள். அதை அன்றைய நீர்ப் பெயர்ச்சியால் பெருக்குங்கள். பெயர்ச்சி 2.4, நைட்ரேட் கன மீட்டருக்கு 10 மில்லிமோல் என்றால் கரையின் ஒரு மீட்டருக்கு நொடிக்கு 24 மில்லிமோல். கலிபோர்னியாவின் பியூட்டியும் இதே அலகில்தான் வருகிறது.

பொறிகள் மூன்று. உலகக் கடல் அட்லஸிலிருந்து நைட்ரேட்டை எடுத்துப் பெருக்குவது முதல் பொறி. அட்லஸில் இருப்பது பல்லாண்டுச் சராசரி, எல்லா ஆண்டுக்கும் ஒரே எண். அதைக் காற்றோடு பெருக்கினால் காற்றே வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்கும், ஆண்டு வேறுபாடு எதுவும் சேராது. இரண்டாவது அலகு: கிலோவுக்கு மைக்ரோமோல் என்றிருந்தால் 1.025ஆல் பெருக்கித்தான் கன மீட்டருக்கு மில்லிமோல் ஆக்க வேண்டும். மூன்றாவது நம் கரைக்கே உரியது. பருவக் கடைசியில் இந்திய மேற்குக் கரையின் ஆழமற்ற கடல்பகுதியில் ஆக்சிஜன் வெகுவாகக் குறைகிறது, அப்போது நுண்ணுயிரிகள் நைட்ரேட்டையே எடுத்துச் செலவழிக்கின்றன. செப்டம்பர், அக்டோபரில் குளிர்ந்த நீரில் வளைகோடு சொல்லும் அளவு நைட்ரேட் இருக்காது. வடக்கே போகப்போக இது கூடும். ஜூன்–ஆகஸ்டுக்கு ஒரு வளைகோடு, அதன் பிறகு வேறொன்று போடுங்கள். அளவீடு போதவில்லையென்றால் ஆகஸ்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பொய்யான செப்டம்பரைவிட இல்லாத செப்டம்பர் மேல்.

ஒரு சரிபார்ப்புக்குக் கொச்சித் துறைமுகக் கடல்மட்டப் பதிவைப் பாருங்கள். சராசரிக் கடல்மட்டத்துக்கான நிரந்தரச் சேவையில் 1939 முதல் மாதவாரியாக இலவசமாக உண்டு. குளிர்நீர் மேலேறினால் கடல்மட்டம் தாழும். நீண்டகால ஏற்றத்தையும் வழக்கமான பருவச் சுழற்சியையும் கழித்துவிட்டுப் பார்த்தால், உங்கள் 'வலுவான ஆண்டுகளில்' மட்டம் கீழே இருக்க வேண்டும்.

7. அளவு மட்டுமல்ல, எப்போது வந்தது என்பதும்

2005இல் வட கலிபோர்னியாவில் மேலெழுச்சி வழக்கத்தைவிடப் பல வாரங்கள் தாமதித்துத் தொடங்கியது. பிற்பாதியில் காற்று வலுத்து ஈடுகட்டியது. ஆனால் சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகிலுள்ள ஃபாரல்லான் தீவுகளில் குஞ்சு பொரிக்கும் கடற்பறவைகளுக்கு உணவு வேண்டிய நேரத்தில் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு இனப்பெருக்கம் படுத்துவிட்டது. பருவக் கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பவர் இதைத் தவறவிடுவார்.

எனவே மே 1 முதல் நாள்வாரிக் கூட்டலைத் தொடர்ந்து போட்டு, பல்லாண்டுச் சராசரி மொத்தத்தில் பத்து விழுக்காட்டை எந்தத் தேதியில் தொடுகிறது என்று குறியுங்கள். அது தொடக்க நாள். ஐம்பது விழுக்காட்டுத் தேதியும் வைத்துக்கொள்ளுங்கள். இறுதி அட்டவணையில் ஆண்டுக்கு ஒரு வரி: நீர் மொத்தம், நைட்ரேட் மொத்தம், தொடக்க நாள், பாதி நாள். நீரையும் நைட்ரேட்டையும் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாக்கி விடாதீர்கள். இரண்டும் பிரியும் ஆண்டுகள்தான் சுவாரசியமானவை.

எல் நினோ, இந்தியப் பெருங்கடல் இருமுனை (அக்கடலின் மேற்கு, கிழக்குப் பகுதிகளின் வெப்பநிலை வேறுபாடு) ஆகியவற்றின் குறியீடுகள் இலவசம், அரைமணி வேலை. 1997, 2019 போன்ற நேர்மறை இருமுனை ஆண்டுகளையும் 2016 போன்ற எதிர்மறை ஆண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உங்களிடம் இருப்பது முப்பத்துச் சொச்சம் புள்ளிகள்தான். ஒட்டுறவு எண் (இரண்டு தொடர்கள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு) 0.35க்குக் கீழே இருந்தால் ஒன்றும் சொல்லாமல் விடுவது நல்லது. பத்துக் குறியீடுகளை முயன்று ஒன்று தேறினால் அதுவும் தற்செயலாக இருக்கலாம்.

8. மீன் கணக்கு: விண்ணப்பத்தை முதல் வாரமே போடுங்கள்

எல்லோரும் கடைசியில் சாளைக்குத்தான் (மத்தி என்றும் சொல்வார்கள்) வந்து சேர்வார்கள். கேரளத்தில் 2012இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி இறங்கியது, 2021இல் வெறும் 3,297 டன். இப்படி ஒரு சரிவை மேலெழுச்சி ஒன்றே விளக்கும் என்று எழுதிவிட ஆசை வரும். கொஞ்சம் பொறுங்கள். இறங்கிய மீன் என்பது கடலில் இருந்த மீன் அல்ல. வலையும் படகும் மாறியிருக்கும். ஆழ்நீரோடு ஆக்சிஜன் குறைந்த நீரும் சேர்ந்தே மேலே வருவதால், மேலெழுச்சி கூடினால் மீனும் கூடும் என்ற நேர்க்கோட்டுக் கணக்கு செல்லாது. பருவமழைக் காலத்தில் பிறந்த குஞ்சு, பிடிபடும் அளவுக்கு வளரும்போது நாட்காட்டி ஆண்டே மாறியிருக்கலாம். அதனால் அடுத்த ஆண்டுக் கணக்கோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆண்டுவாரி மாநில மதிப்பீடுகள் கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளில் இலவசமாக உண்டு. 'தமிழ்நாடு' என்ற மொத்தத்தை எடுத்துவிடாதீர்கள். அதில் பெரும்பகுதி வங்காள விரிகுடாப் பக்கத்து மீன். உங்களுக்கு வேண்டியது கன்னியாகுமரி மாவட்ட மேற்குக் கரை. எண்ணெய்ச் சாளை ஒரு வரி, சூடை முதலான மற்ற சாளை வகைகள் வேறு வரி, அதையும் பார்த்து எடுங்கள்.

மாவட்டவாரி, மாதவாரி எண் வேண்டுமென்றால் எழுதித்தான் கேட்க வேண்டும். இதற்குத்தான் காகிதம் தேவை: துறைத்தலைவர் கையொப்பமிட்ட கல்லூரிக் கடிதம், அடையாள அட்டை நகல், ஒரு பக்க ஆய்வுச் சுருக்கம், தரவைப் பிறருக்குத் தரமாட்டேன் என்ற உறுதிமொழி. கடிதத்தில் 'மீன் தரவு வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் விளக்கம் கேட்டுத் திரும்பும், அதில் சில வாரம் போகும். எந்த இனம், எந்த மாவட்டம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, மாதவாரியா, எந்த வலையில், எத்தனை மணி நேர முயற்சியில் என்று ஆறு பத்திகளுள்ள வெற்று அட்டவணையாகவே இணைத்து அனுப்புங்கள். முயற்சி நேரம் கட்டாயம் வேண்டும், அது இல்லாமல் வெறும் டன் கணக்கை வைத்து ஆண்டுகளை ஒப்பிட முடியாது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மேலெழுச்சி உச்சத்தை நெருங்கும் மாதங்களில் அந்தப் பத்தி காலியாகவோ நாட்டுப்படகு மீனாகவோ இருக்கும். அதைப் பூச்சியம் என்று நிரலில் படிக்க விடாமல் 'தரவு இல்லை' என்றே குறியுங்கள்.